மைக்கில் சொன்னதும் டப்பாவில் ஒளித்ததும்

எனக்கு டிபி வந்தது. ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. முதல் தடவை வந்ததற்கு நான் பொறுப்பில்லை. அது காற்றில் பரவுகிற வியாதி, யாருக்கு வேண்டுமானாலும் வரும். இரண்டாம் தடவை வந்ததற்கு முழுப் பொறுப்பும் நான்தான். என் வாய்தான். அந்த வாயால் நான் மட்டும் கெட்டுப்போயிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். மருந்தைத் தின்றோமா, பிழைத்தோமா என்று பேசாமல் இருந்திருப்பேன். ஆனால் என் பேச்சைக் கேட்டு இன்னொருத்தரும் மாத்திரையை நிறுத்தினார். ஆட்டோ ஓட்டுகிறவர், பெயர் வேதமுத்து. அவருக்காகத்தான் எழுதுகிறேன். மனசுக்கு ஆறுதலாக எதையாவது படிக்கலாம் என்று எடுத்தவர்கள் இங்கேயே மூடி வைத்துவிடலாம்.

என் பெயர் ஸ்டெல்லா. ஊர் ஆரணி. செய்யாறில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை. விடிகிற நேரத்துக்குக் கம்பெனி பஸ் எங்கள் தெரு முனைக்கு வந்துவிடும். வீட்டுக்காரர் டேவிட் வயரிங் வேலை செய்கிறவர். ஒரே பெண், பெனிட்டா, ஆறாவது படிக்கிறாள். அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம்.

முதல் தடவை இருமல் வந்தபோது கம்பெனியில் ஷூ ஒட்டுகிற சொல்யூஷன் நெடிதான் காரணம் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். எங்கள் பிரிவில் இருமாதவர்கள் யார்? மருந்துக்கடையில் சொல்லி மூன்று நாளைக்கு மாத்திரை, ஒரு பாட்டில் சிரப். அடங்கும், திரும்ப வரும். சாயங்காலமானால் லேசாகக் காய்ச்சல். ஜாக்கெட் எல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது. பஸ்ஸில் கூட வருகிற பெண்கள், "இன்னா ஸ்டெல்லா, டயட்டா? எங்களுக்கும் சொல்லித் தரக் கூடாதா?" என்று கேலி செய்தார்கள். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு இருந்தேன். டேவிட்தான் ஒரு நாள் வேலைக்கு லீவு போட்டு, கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். சளி எடுத்தார்கள், எக்ஸ்ரே எடுத்தார்கள், டிபி என்றார்கள்.

ஆறு மாசம் மாத்திரை. எடைக்குத் தகுந்தபடி தினமும் இத்தனை என்று கணக்கு. அதைக் கொண்டுவந்து கொடுத்து, போட்டேனா என்று போனில் கேட்பதற்குக் கலா அக்கா என்று ஒரு ஊழியர். ஸ்கூட்டியில் வருவார், வாய் ஓயாது. முதல் நாளே சொல்லிவிட்டார்: "ஒண்ணுக்குப் போனா செவப்பா போவும், பயந்துக்காத. அது ரத்தம் இல்ல, மாத்திரையோட கலரு. செவப்பா போவுதுன்னா மாத்திர வேல செய்யுதுன்னு வெச்சிக்க." இன்னொன்றும் சொன்னார். "ரெண்டு மாசத்துல ஒடம்பு நல்லாயிட்ட மாதிரி இருக்கும். அப்பதான் எல்லாரும் ஏமாந்து போறது. டிபி பூச்சி சாவல, படுத்துகினு கீது. ஆறு மாசம் முடிக்கணும், இன்னா?"

சரிங்க்கா என்றேன். அவர் சொன்னபடியே மூன்றாவது வாரத்தில் காய்ச்சல் போனது. இரண்டாவது மாசத்தில் வாய்க்கு ருசி வந்தது. கன்னத்தில் சதை வந்தது.

இதற்கு நடுவில் எங்கள் சபையைப் பற்றிச் சொல்ல வேண்டும். தகரக் கூரை போட்ட சின்ன சபை, எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். நான் படுத்துக் கிடந்தபோது வெள்ளிக்கிழமை தவறாமல் பெண்கள் எனக்காக உபவாசம் இருந்தார்கள். பக்கத்துத் தெரு புஷ்பா அக்கா கஞ்சி காய்ச்சி, தொட்டுக்கொள்ளத் தேங்காய்த் துவையல் அரைத்து, தூக்கில் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போவார். அதையெல்லாம் மறந்தால் நான் மனுஷி இல்லை. அந்த அன்பில் ஒரு குறையும் இல்லை. குறை எல்லாம் என்னிடம்.

எங்கள் சபையில் மாசக் கடைசி ஞாயிறு சாட்சி ஞாயிறு. அந்த மாசம் யாருக்கு நல்லது நடந்ததோ அவர்கள் முன்னால் வந்து மைக்கில் சொல்லி நன்றி செலுத்துவார்கள். பத்திரிகை அடிக்கிற அளவுக்குப் பெரிய நன்மையாக இருக்க வேண்டாம். பிள்ளை பாஸானது, தொலைந்த வண்டிச் சாவி கிடைத்தது, எதுவானாலும் சொல்லலாம். அன்று மத்தியானம் வரைக்கும் எல்லாரும் உபவாசம். எனக்குத்தான் சிக்கல். வெறும் வயிற்றில் அந்த மாத்திரையைப் போட்டால் குடலைப் புரட்டும். அதனால் சாட்சி ஞாயிறுகளில் மட்டும் காலை மாத்திரையை மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் போடுவேன். கலா அக்காவிடம் கேட்டுவிட்டுத்தான் செய்தேன். விட்டுடாத, அவ்வளவுதான் என்றார்.

மூன்றாவது மாசம் பாதியில் வந்த சாட்சி ஞாயிறன்று பாஸ்டர் என்னைக் கூப்பிட்டார். எனக்கு முன்னால் பேசினவர் லாரி மோதியும் பிழைத்த கதையைச் சொல்லியிருந்தார். சபையே எழுந்து நின்று கை தட்டியது. அதற்கு அப்புறம் நான் போய் நிற்கிறேன். தேவன் டாக்டர்களுக்கு அறிவைக் கொடுத்தார், மாத்திரை கொடுக்கிற அக்காவுக்குப் பொறுமையைக் கொடுத்தார், என் வீட்டுக்காரருக்கு நல்ல மனசைக் கொடுத்தார் என்றுதான் பேச நினைத்து வந்தேன். அப்படித்தான் ஆரம்பித்தேன். ஒரு சத்தமும் இல்லை. பின்னால் ஒரு குழந்தை அழுகிறது, ஃபேன் சுற்றுகிறது, ஒருத்தர் கொட்டாவி விடுகிறார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. சாகக் கிடந்து எழுந்து வந்திருக்கிறேன், உங்களுக்குக் கொட்டாவியா?

"இன்னிக்கி நான் ஒரு மாத்திரகூடப் போடாம உங்க முன்னாடி நிக்கிறேன்!" என்றேன்.

தகரக் கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி அல்லேலூயா. கை தட்டல். புஷ்பா அக்கா ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். நான் பொய் சொல்லவில்லை, பாருங்கள். அன்றைக்குக் காலையில் நான் மாத்திரை போடவில்லைதான். மத்தியானம் போடுவேன் என்பதை மட்டும் சொல்லவில்லை. சொல்ல வாய் வந்தது. அந்தக் கைதட்டலை நிறுத்த மனசு வரவில்லை. அவ்வளவு அல்பம் நான்.

வீட்டுக்கு வந்தேன். சாப்பிட்டேன். மாத்திரையைப் பிரித்து உள்ளங்கையில் வைத்த நேரம் புஷ்பா அக்கா பாயசத்தோடு உள்ளே வந்தார். கையை மூடிக்கொண்டேன். அவர் உட்கார்ந்தார், பேசினார், "எங்க தம்பி கிட்ட போன்ல சொன்னேன் ஸ்டெல்லா, அவன் நம்பவே மாட்டேன்றான், மாத்திரையே இல்லாமயான்னு கேக்கறான்" என்றார். அவர் போகிறவரைக்கும் மாத்திரை என் கை வேர்வையில் ஊறிக் கரைந்து, கையெல்லாம் சிவப்பு. கையைக் கழுவிவிட்டு நாளைக்குப் போடலாம் என்று விட்டேன்.

மறுநாள் கம்பெனி பஸ்ஸில் எங்கள் சபைப் பெண் ஒருத்தி பத்துப் பேருக்குக் கேட்கிற மாதிரி அந்தச் சாட்சியைச் சொல்லிக்கொண்டு வந்தாள். அப்புறம் நான் எங்கே வைத்துப் போடுவது? வீட்டில் போட்டால் வருகிறவர்கள் பார்ப்பார்கள். எங்கள் தெருவில் கதவைச் சாத்தினால் அதற்கே நாலு பேர் தட்டிக் கேட்பார்கள். போன கிறிஸ்துமஸுக்கு வாங்கின கேக் டப்பா ஒன்று பரண் மேல் இருந்தது. கலா அக்கா கொடுக்கிற மாத்திரை அட்டைகளை அதில் போட ஆரம்பித்தேன். பயம் வந்த நாளில் ஒன்றிரண்டு எடுத்துப் போடுவேன். தெம்பாக இருக்கிற நாளில் விட்டுவிடுவேன். இது நிறுத்துவதைவிட மோசம் என்று அப்போது தெரியாது.

கலா அக்கா போன் செய்வார். "போட்டியாம்மா?"

"போட்டேங்க்கா."

"செவப்பா போவுதா?"

"போவுதுங்க்கா."

த்தூ! இப்போது நினைத்தாலும் என் முகத்தில் நானே துப்பிக்கொள்ளலாம் போல இருக்கிறது. இதில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பாஸ்டர் ஒரு நாளும் மாத்திரையை நிறுத்து என்று சொன்னதில்லை. சபையில் ஒருத்தரும் சொன்னதில்லை. அவர்கள் மேல் பழியைப் போட ஒரு வார்த்தை கிடைக்குமா என்று ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு எவ்வளவோ தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை. ஆனால் அவர்களும் ஒரு நாள்கூட, ஆறு மாசம் போட வேண்டிய மாத்திரையாச்சே, என்ன ஆச்சு என்று கேட்கவில்லை.

நாலைந்து மாசம் ஓடியது. ஒரு நாள் கம்பெனி பஸ்ஸில் இருமினேன். கர்ச்சீப்பில் ரத்தம். சின்னப் பொட்டு இல்லை, நன்றாக. பக்கத்து சீட்டுப் பெண் பையோடு எழுந்து முன்னால் போய் நின்றுகொண்டாள். என் சாட்சியைப் பத்துப் பேருக்குச் சொன்ன அதே பெண். கம்பெனி வாசலிலேயே என்னைத் திருப்பி அனுப்பினார்கள். குணமாகிவிட்டது என்று எழுதி வாங்கிக்கொண்டு வா என்றார்கள். அவ்வளவு வருஷம் தைத்துக் கொடுத்த ஷூவுக்கு அந்த மரியாதை.

இந்தத் தடவை சளியை ஒரு மெஷினில் வைத்தார்கள். முன்னெல்லாம் கண்ணாடியில் தடவிப் பார்ப்பார்களாம். மருந்து கேட்குமா கேட்காதா என்று தெரிய வாரக்கணக்கில் ஆகுமாம். இப்போது பூச்சியின் மரபணுவையே அந்த மெஷின் படித்துவிடுகிறது. பூச்சி இருக்கிறதா, முக்கியமான மருந்துக்கு அது அடங்குமா என்று சில மணி நேரத்தில் சொல்லிவிடும். மத்தியானமே கூப்பிட்டார்கள். பூச்சி இருக்கிறது. மருந்துக்கு அடங்காது.

பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் தள்ளி ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே சின்ன வயசு டாக்டரம்மா, முகத்தில் பாதி மாஸ்க். பொறுமையாகச் சொன்னார். "அரைகுறையா மாத்திர போட்டா லேசான கிருமி சாகும், முரட்டுக் கிருமி தப்பிச்சிக்கும். அது குட்டி போட்டு அதே மாதிரி பெருகும். அப்புறம் பழைய மருந்தை அதுக்குச் சோறு மாதிரி போட்டாலும் ஒண்ணும் ஆகாது." ஒரு காலத்தில் இதற்கு இரண்டு வருஷம் வைத்தியம். மாசக்கணக்கில் தினமும் ஊசி. அந்த ஊசியில் பலருக்குக் காது போய்விடும். இப்போது புதுசாக நாலு மருந்து சேர்த்துக் கொடுக்கிறார்கள், எல்லாமே வாய் வழியாக, ஆறு மாசத்தில் முடிந்துவிடும். "நீங்க அதிர்ஷ்டக்காரங்க" என்றார். அந்த வார்த்தையைக் கேட்டு எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

"ஏன்மா நிறுத்துனீங்க?"

"வேல ஜாஸ்திங்க. மறந்துட்டேன்."

அங்கேயும் பொய். எழுதிக்கொண்டார்.

பெரிய பெரிய ஜன்னல் வைத்த வார்டு. காற்று அடித்துக்கொண்டே இருக்கும், அதுதான் அங்கே முதல் மருந்து. மாஸ்க் கழற்றக் கூடாது. புது மாத்திரை இதயத்துடிப்பைக் கெடுக்கலாம் என்பதால் அடிக்கடி இசிஜி. இன்னொரு மாத்திரை ரத்தத்தைக் குறைக்கும் என்பதால் ரத்தப் பரிசோதனை. மூன்றாவது வாரத்தில் பாதம் எரிய ஆரம்பித்தது, மிளகாய்த்தூளில் நிற்கிற மாதிரி. அதுவும் மருந்தால்தான், சொல்லாமல் இருக்காதீர்கள் என்றார் டாக்டரம்மா. சொன்னேன், அளவைக் குறைத்தார். ஒளிக்காமல் சொன்னால் காரியம் நடக்கிறது என்பதே எனக்குப் புது விஷயமாக இருந்தது.

முதல் வாரத்தில் ஒரு நாள் டேவிட் வந்தார். வழக்கம் போல ஒரு கையில் சாப்பாட்டுப் பை, இன்னொரு கையில் அந்தக் கேக் டப்பா. ரேஷன் கார்டு தேடிப் பரணில் ஏறியிருக்கிறார். டப்பாவை என் மடியில் வைத்தார். மூடியைத் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. இட்லியை எடுத்துத் தட்டில் வைத்து, பொடியில் எண்ணெய் ஊற்றிக் குழைத்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்.

"பாப்பா உன் பக்கத்துலதான் படுத்துகினு இருந்தா, ஸ்டெல்லா."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இரண்டு அறை விட்டிருந்தாலும் தாங்கியிருப்பேன். அவர் இட்லியை என் பக்கம் நகர்த்திவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்.

பாப்பாவுக்கும் அவருக்கும் கையில் ஒரு சின்ன ஊசி போட்டு, இரண்டு நாள் கழித்து வீங்கியிருக்கிறதா என்று பார்த்தார்கள். அவருக்கு ஒன்றும் இல்லை. பாப்பா கையில் வீங்கியிருந்தது. எக்ஸ்ரே சுத்தம். அப்படியென்றால் பூச்சி உள்ளே போயிருக்கிறது, இன்னும் எழுந்திருக்கவில்லை. அது எழுந்திருக்காமல் இருக்க ஆறு மாசம் அவளும் மாத்திரை போட வேண்டும். காலண்டரில் ஒவ்வொரு நாளும் டிக் போடுகிறாள் என்று டேவிட் சொன்னார். போனில் என்னிடம் கேட்பாள்: "அம்மா, நீ போட்டியா?" போட்டேன் என்றால் போதாது. வீடியோவில் முழுங்கிக் காட்டி, வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்ட வேண்டும். பெற்ற பெண்ணுக்கே என் வாய் மேல் நம்பிக்கை இல்லை. சரிதான் என்று திறந்து காட்டினேன்.

வேதமுத்துவை இசிஜி அறைக்கு வெளியே பெஞ்சில்தான் பார்த்தேன். தேவிகாபுரம் பக்கத்துக்காரர், ஆரணிக்கும் அவர் ஊருக்கும் நடுவில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். மனைவி எஸ்தரோடு எங்கள் சபைக்குத்தான் வருவார், கடைசி வரிசையில் உட்காருவார். நாற்பத்தைந்து வயசு இருக்கும். சர்க்கரை வியாதி வேறு. தோள் எலும்பு சட்டையைத் தூக்கிக்கொண்டு நின்றது. என்னைப் பார்த்ததும் மாஸ்க்குக்கு மேலே கண் மலர்ந்தது.

"சிஸ்டர்! நீங்களா? உங்கள நெனச்சிகினேதான் இருந்தேன்."

"உங்களுக்கு எப்பங்க?"

"அது ஆச்சி. நீங்க சாட்சி சொன்னீங்களே, அப்ப நானும் மாத்திர போட்டுகினுதான் இருந்தேன். யாருகிட்டயும் சொல்லல, சொன்னா ஆட்டோவுல எவன் ஏறுவான்? உங்க சாட்சிய கேட்டதும் எனக்கு ஒரு தைரியம் வந்துச்சி சிஸ்டர். அன்னிக்கே நிறுத்திட்டேன்."

அவருக்கு மூச்சு வாங்கியது. நிறுத்தி நிறுத்திப் பேசினார்.

"உங்களுக்கு ஏன் சிஸ்டர் திரும்ப வந்துச்சி? விசுவாசம் கொறஞ்சிடுச்சா?"

"தெரிலிங்க" என்றேன்.

"எனக்கு அதான் ஆயிருக்கணும். நடுவுல பயந்துட்டேன். இந்தத் தடவ ஒறுதியா இருக்கப் போறேன். இங்க குடுக்கற மாத்திரைய வாய்ல அடக்கி வெச்சிகினு துப்பிடறேன். எஸ்தருக்குத் தெரியாது. வியாழக்கிழம கையெழுத்துப் போட்டுட்டு வூட்டுக்குப் போயிடுவேன்."

அன்று திங்கட்கிழமை. அந்த நிமிஷமே நான் சொல்லியிருக்க வேண்டும். உள்ளே கூப்பிட்டார்கள், போய்ப் படுத்தேன், நெஞ்சில் ஒயர்களை ஒட்டினார்கள். "ஏம்மா இவ்வளவு படபடன்னு அடிச்சிக்குது?" என்று கேட்டார் அங்கே இருந்த அம்மா. வெளியே வந்தால் அவர் இல்லை. எனக்கு அப்பாடா என்று இருந்தது. இதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

செவ்வாய்க்கிழமை முழுக்க எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். டாக்டரம்மா பார்த்துக்கொள்வார். எஸ்தர் பார்த்துக்கொள்வாள். நான் யார்? என் மானம் இன்னும் அந்தச் சபையில் பத்திரமாக இருக்கிறது, அதை எதற்கு நானே கெடுத்துக்கொள்ள வேண்டும்? சாயங்காலம் பாப்பா போன் செய்தாள். வாயைத் திறந்து காட்டினேன். "குட் அம்மா" என்றாள். வைத்துவிட்டு அழுதேன்.

புதன்கிழமை காலை ஆண்கள் வார்டு வராந்தாவுக்குப் போனேன். வெயிலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"நான் அன்னிக்கி மாத்திர போடலன்னு சொன்னது உபவாசத்துக்காகங்க. மத்தியானம் போடறதுக்கு எடுத்து வெச்சிருந்தேன்" என்றேன்.

அவருக்கு உடனே புரியவில்லை. மறுபடியும் சொன்னேன்.

"அப்ப மொத நாளு?"

"போட்டேன்."

"அதுக்கு மொத நாளு?"

"ரெண்டு மாசத்துக்கு மேல தெனமும் போட்டேன். அதாலதான் தேறினேன். சாட்சி சொன்னதுக்கு அப்புறம் வெக்கப்பட்டுகினு விட்டேன். விட்டதாலதான் இங்க கெடக்கறேன். விசுவாசம் எல்லாம் ஒண்ணும் இல்லிங்க. துப்பாதீங்க. தயவு செஞ்சி போடுங்க."

என்னைப் பார்த்தார். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை. கடைத்தெருவில் தெரியாத ஆளைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். "எனக்கு ரெண்டு பசங்க சிஸ்டர்" என்றார். அப்புறம் சுவரைப் பிடித்து எழுந்து உள்ளே போனார்.

வியாழக்கிழமை அவர் கையெழுத்துப் போடவில்லை. மாத்திரையைத் துப்பவில்லை. டாக்டரம்மாவிடம் போய் நானே எல்லாவற்றையும் சொன்னேன், வேதமுத்து துப்பியதையும், நான் மறந்துவிட்டேன் என்று சொன்னது பொய் என்பதையும். அவர் என்னைத் திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "அவருக்கு ஒரு பக்க நுரையீரல் மொத்தமா போயிடுச்சும்மா. பாப்போம்" என்றார்.

மருந்து நல்ல மருந்துதான். என்னைப் பிழைக்க வைத்த மருந்து. கரையான் தின்று முடித்த கதவுக்கு மருந்து அடித்தால் கரையான் சாகும், கதவு வருமா? ஐந்தாவது வாரம் பெஞ்சில் வேதமுத்துவைக் காணவில்லை. கேட்டேன். முந்தின நாள் ராத்திரி உயிர் போய்விட்டது என்றார்கள். எஸ்தர் அவருடைய ஃப்ளாஸ்க்கையும் வேதாகமத்தையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு வராந்தாவில் நின்றிருந்தாள். போய்ப் பேசலாம் என்று இரண்டு அடி எடுத்து வைத்தேன். அப்புறம் திரும்பி வந்துவிட்டேன்.

இரண்டாவது மாசக் கடைசியில் என் சளியில் பூச்சி இல்லை என்று வந்தது. இனி யாருக்கும் பரவாது, வீட்டிலிருந்தே மாத்திரை போடலாம் என்று அனுப்பினார்கள். மறு ஞாயிறே சபைக்குப் போனேன். நான் உட்கார்ந்த வரிசையில் இரண்டு பக்கமும் நாற்காலி காலியாக இருந்தது. போன வருஷம் கட்டிப்பிடித்த அதே ஜனங்கள். புஷ்பா அக்கா மட்டும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். எஸ்தர் கடைசி வரிசையில் பிள்ளைகளோடு இருந்தாள். நாலு மாசம், ஒவ்வொரு ஞாயிறும், அவள் பின்னால், நான் முன்னால். முதுகு எரியும். ஒரு வார்த்தை பேசியதில்லை.

ஆறு மாசம் முடிந்து முழுசாகக் குணம் என்று சர்டிபிகேட் வந்ததும் பாஸ்டர் வீட்டுக்கு வந்தார். "கடைசி ஞாயிறு சாட்சி சொல்லணும் சிஸ்டர். ரெண்டாவது ஜீவன் குடுத்திருக்காரு."

"சொல்றேன். போன தடவ சொன்னது எப்படிப் பொய்யாச்சின்னும் சேத்துச் சொல்வேன்." ஆஸ்பத்திரியிலிருந்து என்னோடு திரும்பி வந்திருந்த கேக் டப்பாவை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். எல்லாம் சொன்னேன்.

அவர் முகம் வெளுத்துப்போனது. "நான் நிறுத்தச் சொன்னேனாம்மா?"

"இல்லிங்க. நீங்க சொல்லல."

"இத்த மைக்குல சொன்னா புதுசா வர்ற விசுவாசிங்க நம்பிக்கையில இடறிப் போயிடுவாங்களே."

"ஒருத்தர் ஏற்கெனவே போயிட்டாருங்க."

டப்பாவை என் பக்கம் தள்ளி வைத்தார். ஜெபிக்கவும் இல்லை. "சொல்லுங்க" என்று எழுந்து போனார்.

சொன்னேன். டப்பாவைத் திறந்து அட்டைகளைத் தூக்கிக் காட்டினேன். வேதமுத்து பெயரைச் சொன்னேன். நான் இரண்டு நாள் வாய் மூடி இருந்ததையும் சொன்னேன். இங்கே யாராவது ரகசியமாக மாத்திரை போடுகிறீர்களா, நிறுத்தாதீர்கள், நிறுத்தியிருந்தால் நாளைக்கே கலா அக்காவிடம் போங்கள் என்றேன். ஒருத்தரும் அல்லேலூயா சொல்லவில்லை. ஃபேன் சுற்றியது. இந்தத் தடவை அந்த அமைதியை நான் ஒன்றும் செய்யவில்லை. இறங்கி வந்தேன்.

ஆராதனை முடிந்து செருப்பு மாட்டும்போது எஸ்தர் வந்து நின்றாள். அவள் அழவில்லை.

"அவரு சொல்லிட்டுதான் போனாரு சிஸ்டர். அந்தப் புதன்கெழமையே சொல்லிட்டாரு. அவங்களே எழுந்து சொல்லட்டும், நீ எதுவும் கேக்காதன்னாரு."

"எஸ்தர்…"

"இன்னிக்கி சொல்வீங்க, இன்னிக்கி சொல்வீங்கன்னு ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் வந்து பின்னாடி குந்திகினு இருந்தேன்."

மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. கேட்க எனக்கும் வாய் வரவில்லை. பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு கேட் வரைக்கும் போனவள் திரும்பினாள்.

"உங்க பாப்பாவுக்கும் மாத்திர குடுத்துகினு இருக்காங்கன்னு சொன்னாங்களே. போடறாளா?"

"போடறா. இன்னும் பத்து நாள் பாக்கி."

"பத்து நாளும் போடச் சொல்லுங்க" என்றாள். "ஒரு நாளுகூட வுடாம."